தண்ணீரில் முந்நூறு மீற்றர்

ஐந்தே முக்காலுக்கு
பேரை வாவி இன்னும் நிறம் கொள்ளவில்லை.
பச்சை பிறகுதான் வரும், வெயிலோடும் மணத்தோடும்.
இப்போதைக்கு அது கருங்கல்லில் சிந்திய எண்ணெய்,
அதற்குள் ஹோட்டல்களின் பெயர்கள்
தலைகீழாய் எரிகின்றன.

கொம்பனித்தெருப் பக்கத்திலிருந்து தொடங்குவேன்.
சிவப்பும் சாம்பலுமாய்ப் பொருத்திய கற்கள்.
பதினேழாவது விளக்குக் கம்பத்தடியில் ஒரு கல் ஆடும்;
மழைக்கு மறுநாள் மிதித்தால்
முழங்கால் வரை பதில் சொல்லும்.
தெரிந்தவர்கள் அந்த இடத்தில் மட்டும்
ஓர் எட்டு நீட்டி வைக்கிறோம்,
புதியவர்கள் நனைகிறார்கள்.

தெரிந்தவர்கள் என்றால்
காதில் வானொலியோடு துவான் சப்ரி
(நடையா ஓட்டமா என்று அவருக்கே தீர்ப்பில்லை),
பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு ஓடும் இந்துனில்,
வண்டிக்குள் பெரும்பாலும் நாய்தான்.
பிறகு ஊதாச் சப்பாத்துக்காரி.
முகம் தெரியாது. எப்போதும் எனக்கு முன்னால்.

எனக்கு நாற்பத்தொன்பது.
இருபதுகளில் இந்த நகரத்தில் நான் ஓடியதே இல்லை.
பஸ் கண்ணெதிரே நகரும், விட்டுவிடுவேன்.
மழை பிடிக்கும், நனைவேன்.
சென்றிக்கு முன்னால் ஓடுகிற ஒருத்தியிடம்
என்ன விளக்கம் இருந்துவிடப் போகிறது?
கைப்பையைத் திறந்து காட்ட வசதியான
ஒரு வேகம் உண்டு.
அந்த வேகத்தில் நடந்து பட்டம் எடுத்தேன்,
அந்த வேகத்தில் நடந்து வேலைக்குச் சேர்ந்தேன்,
என் பதிவுக் கலியாணத்துக்கே
அரை மணித்தியாலம் பிந்திப் போனேன்.

இன்று அடையாள அட்டை மேசையில் கிடக்கிறது.
என்னிடம் ஒரு சாவி,
வேர்வையில் ஊறிய நூறு ரூபாத் தாள்.
ஆனாலும் பின்னால் சப்பாத்துச் சத்தம் நெருங்கினால்
கைகள் என்னைக் கேளாமல் விரிந்துகொள்கின்றன,
விரல்களுக்குள் ஒன்றுமில்லை என்று காட்ட.
"பொட்டக், அக்கே" என்று
ஒரு பொடியன் உரசாமல் கடந்து போகிறான்.
போகட்டும்.
மூச்சை முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது,
மூன்றுக்கு உள்ளே, இரண்டுக்கு வெளியே.

திருப்பத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள்.
பாதைக்குக் குறுக்கே, ஆளளவு நீளத்தில்
ஒரு கபரகொய்யா.
நாக்கை நீட்டிக் காலைக் காற்றை ருசி பார்த்தது,
ஒரு காலை எடுத்து வைத்தது,
மற்றக் காலைப் பற்றி யோசித்தது.
நாய் வண்டிக்குள் பதுங்கியது.
சப்ரி வானொலியைக் கழற்றி,
"அவருக்கென்ன, வரியா வாடகையா" என்றார்.
இறைவரித் திணைக்களத்தில் வேலை செய்பவள் நான்,
எனக்கும் சிரிப்பு வந்தது.
ஒருவரும் அதை விரட்டவில்லை.
ஊதாச் சப்பாத்துக்காரி மட்டும் எங்கும் இல்லை,
அவள் ஏற்கெனவே அந்தப் பக்கம்.

வீட்டுக்கு வந்து
கைக்கடிகாரம் வரைந்த படத்தைப் பார்த்தேன்.
புதுக் கோபுரங்களின் கண்ணாடியில் பட்டு
சமிக்ஞை தெறித்துவிடுமாம், மகன் சொல்கிறான்.
நீலக் கோடு கரையைப் பிடித்தபடி போகிறது,
பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல்
வாவிக்குள் இறங்குகிறது.
முந்நூறு மீற்றர், நேராக,
கட்டிப்போட்ட அன்னப் படகுகளை ஊடறுத்து,
கூழைக்கடாக்கள் தூங்கும் மரத்தை இடித்துக்கொண்டு,
மறுகரையில் ஏறிச் சாதாரணமாகத் தொடர்கிறது.
இந்த வருடத்திலேயே என் வேகமான துண்டு அதுதான்.

பதிவைத் திருத்தவா என்று கேட்டது.
இப்படியொரு வரி யாருடைய கணக்கிலும் வந்தால்
சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பியனுப்புவேன்,
அதற்குத்தான் சம்பளம்.

வேண்டாம் என்று அழுத்திவிட்டு
பாண் வெட்டப் போனேன்.
வாசலில் சப்பாத்து இரண்டும் ஈரம்.
பதினேழாவது கம்பத்தடிக் கல்லாக இருக்கும்.